கூரையற்றோரும் கிராமப் பஞ்சாயத்தும்

வீடற்றோர் என்றவுடன் பட்டணத்து நடைபாதைகளே நம் நினைவிற்கு வருகின்றன. கிராமத்தில் அத்தகையோர் இலர் என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, ஜனத்தொகைக் கணக்கெடுப்போர் நாடெங்கும் திறந்த வெளியிலும் கோயில் மண்டபங்களிலும் இரயில் நிலையங்களிலும் தங்கியிருந்தோரை எண்ணினர். அவ்வாறு எண்ணப்பட்டோர் 17 இலட்சத்து 70 ஆயிரத்திற்கு மேற்பட்டோர். அவர்களுள் 8 இலட்சத்து 30 ஆயிரத்திற்கு அதிகமானோர் கிராமப் பகுதியினர். அஃதாவது, ஏறக்குறைய சரிபாதி.

மக்களால் கைவிடப்பட்ட முதியோர், புத்தி சுவாதீனமின்றி அலைவோர், கணவன் வீட்டினின்றும் துரத்தப்பட்டுக் கைக்குழந்தையுடன் நிற்கும் பெண், செங்கற்சூளையில் பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்ல இடமில்லாத குடும்பம் ஆகிய அனைவரும் இவர்களுள் அடங்குவர். ஒவ்வொருவரின் குறையும் வெவ்வேறு. ஆயினும், இன்றிரவு தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பதில் அனைவரும் ஒன்றே.

இப்பணி நம் நாட்டிற்குப் புதியதன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில், தம் முன்னோர் நிறுவிய சத்திரங்கள் நடைபெற்ற முறையை விரிவாக விளக்கியுள்ளார். எல்லாச் சாதியாருக்கும் அங்கு சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர்களை அழைத்து உணவிட்டனர். நோயுற்றோருக்கு மருந்தும் பத்தியமும் அளித்து, குணமாகும் வரை வைத்துப் பேணினர். சத்திரத்தில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தங்கலாம். மறு ஆண்டு, 1802-இல், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தையும் அம்மன்னர் நிறுவினார். சத்திரம் என்பது வெறுங் கட்டடமன்று. சமையற்காரர், வைத்தியர், வரவு செலவுக்குரிய மானியம் ஆகிய யாவும் சேர்ந்ததே சத்திரம். மானியமும் கவனிப்பாரும் இல்லாத இடத்தில் சுவர் மட்டுமே எஞ்சும். நம்மூர்களில் பாழடைந்து நிற்கும் பழைய சத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வீதம் அமைக்க வேண்டுமென 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்திலும் இதற்கென ஒரு திட்டம் சேர்க்கப்பட்டது. இவ்விரண்டும் நகரங்களுக்கே உரியவை. எனவே கிராமத்தில் முதற்பொறுப்பு ஊராரையே சார்கிறது.

பெரும்பாலான ஊர்களில் சமுதாயக் கூடம் ஒன்று உண்டு. கல்யாணம் இல்லாத நாட்களில் அது பூட்டியே கிடக்கிறது. அதில் ஓர் அறையையேனும் அடைமழைக் காலத்தில் திறந்து வைத்தல் கூடாதா? சாவி யாரிடம் உள்ளது என்பதை ஊரார் அறிந்திருக்க வேண்டும். பெண்களுக்குத் தனியிடமும், உட்தாழ்ப்பாள் உள்ள கதவும், இரவு முழுதும் விளக்கும், கழிப்பிடமும், குடிநீரும் இன்றியமையாதவை. வந்தவரின் பெயரைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். அடையாள அட்டை இல்லை என்பதற்காக இரவில் திருப்பி அனுப்புதல் தகாது. உணவைப் பொறுத்தவரை, திருவிழாவன்று ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்யும் ஊர், மற்ற நாட்களில் இரண்டு பேருக்குச் சோறிட இயலாமற் போவது விந்தையே. வீட்டுக்கு ஒருநாள் என முறை வைத்துக்கொண்டால் எவருக்கும் பாரமிராது.

தங்கியவரை அப்படியே விட்டுவிடலாகாது. மனநோயுற்று, தம்மைத் தாமே பேண இயலாமல் அலைபவரைக் காவல் நிலைய அதிகாரி பாதுகாப்பில் ஏற்று, 24 மணி நேரத்திற்குள் அண்மையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. அவரைச் சிறைக்கொட்டடியில் வைத்தல் கூடாது. பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஜீவனாம்சம் கோரிக் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், வக்கீல் தேவையில்லை. அச்சட்டம் வந்தபின், பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் ரத்துச் செய்யவும் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமுண்டு. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த கிழவர்களில் பலர் இதனை அறியார்.

நிலையான வீட்டிற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் மனையின்மையே. 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில், கூரையே இல்லாத குடும்பங்களைப் பட்டியலில் தாமாகவே சேர்க்க வேண்டுமென்றும், மனையில்லாதோர்க்கு மாநில அரசு இடம் தேடித் தர வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. ஆனால் கதவு எண் இல்லாத வீட்டைத் தேடி எந்தக் கணக்கெடுப்பாளரும் வருவதில்லை. ஆகையால், ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடும்போது, கூரையற்ற குடும்பங்களின் பெயர்களை உறுப்பினரே எழுந்து படித்து, அவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்தல் வேண்டும். ஊரில் ஆட்சேபணையற்ற அரசு நிலம் உண்டாயின், அதன் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்து, அத்தீர்மானத்திலேயே சேர்த்துத் தாசில்தாருக்கு அனுப்புவது நலம்.