மணி அடித்த முதல் ஐந்து நிமிடம்

"முதல் மாசம் சிரிச்சிடாதீங்க சார், அப்புறம் தலையில ஏறி உக்காந்துக்குவாங்க." புதிதாக வேலையில் சேரும் ஆசிரியருக்கு ஸ்டாஃப் ரூமில் டீயோடு சேர்த்துக் கிடைக்கும் அறிவுரை இது. பாதி சரி. முதல் மாதம் முக்கியம்தான். ஆனால் முகத்தை இறுக்கிக்கொண்டால் வகுப்பு அடங்கிவிடாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளைகள் தாமாகவே அடங்குவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கௌனின் பள்ளி வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். வகுப்பை நன்றாக நடத்தும் ஆசிரியரும் திணறும் ஆசிரியரும் பிள்ளைகளைக் கண்டிக்கும் விதத்தில் வேறுபடுகிறார்களா என்று பார்த்தார். அதில் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. வித்தியாசம் எல்லாம் கண்டிப்புக்கு முன்னால் இருந்தது: கடைசி பெஞ்சில் நடப்பது போர்டில் எழுதும்போதும் தெரிந்திருப்பது, ஒரு நோட்டைத் திருத்தியபடியே இன்னொரு பிள்ளையைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பை இழுபறி இல்லாமல் நகர்த்துவது. நீங்களும் உங்கள் சக்தியை அங்கேயே செலவிடுங்கள்.

முதலில், மணி அடித்த பிறகு வரும் ஐந்து நிமிடம். நீங்கள் அடுத்த கட்டடத்தில் ஏழாம் வகுப்பை முடித்துவிட்டு மாடியேறி ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்வதற்குள் அங்கே சந்தை கூடியிருக்கும். அதற்கு நிரந்தர மருந்து, நீங்கள் இல்லாமலே தொடங்கக்கூடிய வேலை. கணக்கு என்றால் நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கணக்குகள், தமிழ் என்றால் ஐந்து சொற்களுக்கு வாக்கியம். எளிதாக இருக்கட்டும், யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் செய்ய வர வேண்டும். நீங்கள் நுழையும்போது தலைகள் நோட்டில் இருந்தால் வருகைப் பதிவேட்டையும் அந்த நேரத்திலேயே முடித்துவிடலாம். முதல் வாரம் தினமும் பழக்க வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கேள்விகளைப் போர்டில் யார் எழுதுவது? வகுப்பு லீடர். இப்போது அவன் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்த இதுவே நல்ல சாக்கு. "பேசியவர்கள்" என்று தலைப்பிட்டுப் பேர் எழுதும் வழக்கத்தைச் சொல்கிறேன். லீடரின் நண்பன் எவ்வளவு கத்தினாலும் அவன் பேர் ஏறாது. நேற்று கிரிக்கெட்டில் சண்டை போட்டவன் வாயைத் திறக்காமலே ஏறிவிடுவான். "மிக மிகப் பேசியவர்" என்று தனிப் பிரிவும் உண்டு. நீங்கள் பார்க்காத குற்றத்துக்கு, நீங்கள் விசாரிக்காத சாட்சியை நம்பித் தண்டனை கொடுக்கிறீர்கள். லீடரை வகுப்பே வெறுக்கும், அது அவனுக்கும் நல்லதில்லை.

அதே சாக்பீஸை வைத்து வேறொன்று செய்யலாம். 1969இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் சோதித்த விளையாட்டு இது. வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்தார்கள். விதியை மீறினால் அந்த அணிக்குப் போர்டில் ஒரு கோடு. கோடு குறைவாக வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டுமே ஒரு வரம்புக்குள் இருந்தால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு, கொஞ்சம் கூடுதல் ஓய்வு நேரம் போன்ற செலவில்லாத சமாச்சாரங்கள்தான். இதில் தனிப்பட்ட யார் பேரும் போர்டில் தொங்காது. எல்லோரும் ஜெயிக்க வழி உண்டு. கோடு போடுவதும் ஆசிரியர். நாள் முழுக்க ஆடாதீர்கள், ஒரு பீரியடில் பதினைந்து நிமிடம் போதும். வேண்டுமென்றே அணியைக் கவிழ்க்கும் பிள்ளை ஒருவன் எப்போதும் இருப்பான். அவன் கணக்கை அணியோடு சேர்க்காமல் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இடைவேளையில் அணிக்காரர்கள் தீர்த்துவிடுவார்கள்.

விதிகள் நான்குக்கு மேல் வேண்டாம். "ஓடாதே" என்பதை விட "நடந்து போ" மேல். எதைச் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும். "புக்கை எடு, நாற்பதாம் பக்கம் பார், பக்கத்தில் இருக்கிறவனோட பேசாதே, நேத்து ஹோம் ஒர்க் எங்கே?" என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நடக்காது. கேள்வி கேட்டால் பதிலுக்கு நேரம் கொடுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவுக்கே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அது மூன்று நொடியானபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கண்டிக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

பாராட்டுக்கு வருவோம். "குட், வெரி குட்" என்பதெல்லாம் மின்விசிறிச் சத்தம், யார் காதிலும் விழாது. "சண்டை போடாம பந்தைக் கொடுத்துட்டு வந்தியே, பார்த்தேன்" என்றால் விழும். பத்தாம் வகுப்புப் பையனை எல்லோர் முன்னாலும் புகழ்ந்தால் அவனுக்குக் கேலிதான் மிஞ்சும். அவன் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஸ்டிக்கர், சாக்லேட் விஷயத்தில் கை இறுக்கமாக இருக்கட்டும். பரிசு உண்டு என்று முன்கூட்டிச் சொல்லிப் படம் வரையவைத்த சிறு பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டதை 1973இலேயே ஓர் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே ஆசையோடு செய்வதற்கு விலை வைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். அவர்களைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் புலம்புவதற்கு முன் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: எந்த பீரியட், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, சேட்டைக்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. மூன்றாவதுதான் முக்கியம். வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் எட்டாம் வகுப்புப் பையன் பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான். நீங்கள் வெளியே நிற்கச் சொல்கிறீர்கள். அவன் வாசிக்காமல் தப்பித்துவிட்டான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான் என்பது நாற்பது பேருக்குத் தெரிவதைவிட, ரவுடி என்று பேர் வாங்குவது அவனுக்குக் கௌரவம். நீங்கள் கொடுத்த தண்டனைதான் அவன் கேட்ட பரிசு. அவனுக்கு வேண்டியது தனியாக உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆள். இன்னொருத்திக்குக் கண்ணாடி வேண்டியிருக்கலாம். இன்னொருவன் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். 2022இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியதற்கு அந்தப் பசியும் ஒரு காரணம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் வயிறு உண்டு.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. மீறினால் பணிவிதிகளின்படி நடவடிக்கை உண்டு. முட்டி போடவைப்பது மட்டுமல்ல, சாதியையோ நிறத்தையோ அப்பாவின் குடியையோ இழுத்துப் பேசுவதும் தண்டனைதான். பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறி, வீட்டிலோ வெளியிலோ யாரோ துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் நீங்களே துப்பறியக் கிளம்பாதீர்கள். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தும் மறைத்தால் போக்சோ சட்டப்படி அதுவே குற்றம்.

கடைசியாகப் பெற்றோர். ஜூன், ஜூலையிலேயே, புகார் எதுவும் இல்லாதபோதே, ஒரு நல்ல செய்திக்காக ஒரு முறை ஃபோன் செய்யுங்கள். "ஸ்கூல்லேர்ந்து பேசுறேன்" என்றதும் அந்த அம்மாவுக்குப் பதறும். "ஒண்ணுமில்லம்மா, உங்க பொண்ணு இன்னைக்கு நல்லா படிச்சா, அதைச் சொல்லத்தான்" என்று முடித்துவிடுங்கள். நவம்பரில் புகாரோடு அழைக்கும்போது உங்கள் எண்ணைப் பார்த்தால் எடுப்பார். "அப்பாவைக் கூட்டிட்டு வந்தாதான் கிளாஸ்" என்பதைக் கூடுமானவரை தவிருங்கள். தினக்கூலிக்காரர் பள்ளிக்கு வந்தால் அன்றைய சம்பளம் போகும். அந்தக் கோபம் ராத்திரி பையன் முதுகில் இறங்கும். ஃபோனில் முடிகிற பேச்சை ஃபோனிலேயே, அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் பேசுங்கள்.