புகார் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

“மோட்டார் ஓடுதுங்க, தண்ணிதான் ஏற மாட்டேங்குது.” கோவை பம்ப்செட் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவுக்குப் பழகிய குரல் இது. அனுபவமுள்ள மெக்கானிக் உடனே கேட்பார்: “ஈபிக்காரங்க லைன்ல ஏதாச்சும் வேலை பார்த்தாங்களா?” த்ரீ பேஸில் இரண்டு வயர் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், சத்தம் கேட்கும், தண்ணீர் ஒழுங்காக வராது. கையேட்டில் ‘சுழலும் திசையைச் சரிபார்க்கவும்’ என்று இருந்தாலும் விவசாயிக்கு உதவுவது மெக்கானிக்கின் கேள்விதான்.

உங்கள் கம்பெனி ஏஐ உதவியாளரைக் கொண்டுவரப்போகிறதா? சர்வீஸிலோ மெயின்டனன்ஸிலோ இருப்பவர்கள் ஒதுங்கி நிற்காதீர்கள். எந்த மென்பொருள் என்பதை ஐடி பிரிவு பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு வருடப் புகார் நோட்டை எடுத்து, அதிகம் விற்கும் ஒரே ஒரு மாடலுக்கு வந்த புகார்களைப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் சீனியர் மெக்கானிக் முதலில் என்ன கேட்பார், அடுத்து என்ன பார்ப்பார் என்று எழுதுங்கள். ‘வைண்டிங் பழுது’ என்று மட்டும் எழுதினால் போதாது. வாடிக்கையாளர் சொல்வது ‘காயில் கருகிப்போச்சு’. ஏஐ தேடிப் பதில் சொல்வது இந்தக் குறிப்புகளிலிருந்துதான். தன் அனுபவத்தைக் கொட்டித் தரும் அந்த சீனியருக்குச் சம்பள உயர்வு தருவது நியாயம். அதை நிர்வாகத்திடம் நீங்களே கேளுங்கள்.

ஷாப் ஃப்ளோரில் தேவை வேறு. நைட் ஷிஃப்டில் சிஎன்சி மெஷின் அலாரம் காட்டி நிற்கிறது, மேனுவல் ஆங்கிலத்தில், ஆபரேட்டர் பீகார்க்காரர். அவர் இந்தியில் பேசிக் கேட்டால் இந்தியிலேயே பதில் வரவேண்டும். இந்திய மொழிகளில் பேச்சையும் மொழிபெயர்ப்பையும் கையாள, 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் பாஷிணி போன்ற வசதிகள் உண்டு. ஆனால் சோதனையை மீட்டிங் ரூமில் செய்யாதீர்கள். பிரஸ் ஓடும் இரைச்சலில் நின்று பேசிப் பாருங்கள். அங்கே தடுமாறினால், அலாரம் எண்ணைத் தட்டச்சு செய்யும் வழியும் இருக்கட்டும்.

எதற்கெல்லாம் ஏஐ பதில் சொல்லக் கூடாது என்பதைக் கண்டிப்பாக முடிவு செய்யுங்கள். இரண்டு வயரை மாற்றினால் பம்ப் சரியாகலாம். அதை விவசாயியிடம் ஏஐ சொல்லவே கூடாது. அது 415 வோல்ட் லைன், உயிர் போகும். ‘மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்’ என்பதே பதில். மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றுவது, பேனலைத் திறப்பது எல்லாமே இந்த வகைதான்.

வாரன்டி கேள்விகளிலும் கவனம் வேண்டும். ஏர் கனடாவின் சாட்பாட் பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற நிறுவனத்தின் வாதத்தை 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று ஏற்கவில்லை. நிறுவனம் இழப்பீடு தரவேண்டியதாயிற்று. ஆகவே வாரன்டி கார்டில் உள்ளதை ஏஐ அப்படியே சொல்லட்டும். அதற்கு மேல் கேட்டால் ஆளிடம் மாற்றிவிடட்டும்.

டிராயிங்கையும் வாடிக்கையாளர் போன் எண்களையும் இலவச ஆப்பில் ஏற்றாதீர்கள். ஊழியர்கள் ரகசிய சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில் போட்டதால்தான் சாம்சங் 2023-இல் இத்தகைய ஆப்களுக்குத் தடை போட்டது.

ஏஐ உதவியாளர் ஓடத் தொடங்கிய பின் சனிக்கிழமைதோறும் உரையாடல்களைப் படிக்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒரே கேள்வியை வாடிக்கையாளர் இரண்டாம் முறை கேட்டிருக்கும் இடங்களில் பதிலை அந்த வாரமே திருத்துங்கள்.