ஜாமீன் கையெழுத்தும் வீட்டுக் கடனும்



வீடு வாங்க வங்கிக்குப் போய், "சிபில் மதிப்பெண் குறைவு" என்ற பதிலோடு திரும்பும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. வட்டிக் கடன் கூடுமா என்பதை அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். வட்டியில்லா வங்கிப் பிரிவு தொடங்கும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017-இல் கைவிட்டுவிட்டதால், அந்தக் கேள்வி இப்போதைக்கு நம்மை விடாது. இங்கே நாம் பேசுவது, அந்த மதிப்பெண் ஏன் கெடுகிறது என்பதைப் பற்றி.

மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது என்பார்கள். வங்கி நகைக் கடன், தவணையில் எடுத்த செல்போன், மகளிர் குழுக் கடன் எல்லாம் அதில் பதிவாகும். கடனே வாங்காமல் ஒத்தி வீடுகளிலேயே காலம் கழித்தவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. (ஒத்தியிலும் மார்க்கக் கேள்வி உண்டு, அதை இன்னொரு முறை எழுதுவோம்.) மதிப்பெண் இல்லாதது குற்றமல்ல. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதன்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பது 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்.

நாம் அதிகம் கவனிக்காதது ஜாமீன். மச்சான் ஆட்டோ எடுக்கிறார், "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்கிறார், போட்டுவிடுகிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் தவணை தவறினால் நம் பெயரும் கெடும். சொந்தக் கடன் ஒரு ரூபாய்கூட இல்லாதவருக்கு வீட்டுக் கடன் மறுக்கப்படுவது இப்படித்தான்.

மார்க்கம் இதைச் சிறிதாக எண்ணவில்லை. புகாரியில் ஸலமா பின் அக்வஃ (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி: மூன்று தீனார் கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழுவித்தார்கள். ஜாமீன் என்றால் கடனைத் தன் தலையில் ஏற்பதுதான்.

சரி, கெட்டுப்போனதை என்ன செய்வது? முதலில் அறிக்கையைப் பாருங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் பெயர்களில் ஒரு சிக்கல்: முகமது, முஹம்மது, மொஹமத் என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு எழுத்து, அடுத்தவர் கடன் நம் கணக்கில் ஏறிவிட வாய்ப்புண்டு. பிழை இருந்தால் அந்த நிறுவனத்திடமே புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டுகளை நம்பாதீர்கள். உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது.

பாக்கி இருந்தால், பாதி கட்டி "செட்டில்" செய்வதைவிட முழுதாகக் கட்டி, நிலுவை இல்லாச் சான்று வாங்குவது மேல். "செட்டில்டு" என்ற குறிப்பை அடுத்த வங்கி குறையாகவே பார்க்கும். கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் ஜமாஅத்தை அணுகலாம். ஸகாத்துக்குரிய எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் உண்டு. மனைவியையோ மகனையோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் கடன் கிடைக்கலாம். ஆனால் தவணை தவறினால் அவர்கள் பெயரும் சேர்ந்தே கெடும்.

இவையெல்லாம் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. அட்வான்ஸ் கொடுத்தபின் கடன் மறுக்கப்பட்டு, அந்தப் பணத்தையும் இழப்பது பெரிய அடி. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை விற்பனை ஒப்பந்தத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.