ஐரோப்பியக் கம்பெனியின் கணக்கும் நமது பற்று வரவு ஏடும்



துவரம் பருப்பும் கடலை எண்ணெயும் விற்கிற நமக்கு ஐரோப்பாக் கம்பெனிகளின் கணக்கு வழக்கு எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். காந்திபுரத்தில் பஸ் ஏறினால் திருப்பூர் ஒன்றும் தூரமில்லை. அங்கே சனிக்கிழமை மாலை சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேராக மளிகைக் கடைக்கு வரும் தொழிலாளியின் கையில் இருப்பது, ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ ஒருவர் வாங்கிய பனியனின் பணம்தான். அந்தக் கடைக்காரருக்குக் கோவையிலிருந்து மூட்டை அனுப்புகிறவர்கள் நாம். ஆகவே அந்த ஊர்க் கம்பெனி தன் சரக்கை எப்படிச் சுழற்றுகிறது, யாருக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது, எதற்குச் செலவு செய்ய மறுக்கிறது என்பதெல்லாம் நமது பாக்கி வசூலோடு சேர்ந்த விஷயம்.

1978-ல் இத்தாலியிலிருந்து ஓர் இறக்குமதியாளர் பம்பாய் வியாபாரிகள் மூலமாக வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். 1981-ல் சி அண்ட் ஏ என்ற பெரிய ஐரோப்பியக் கடைக் கம்பெனி வந்தது. அதற்கு முன் உள்நாட்டுக்குப் பனியன் நெய்துகொண்டிருந்த ஊர் அது. 2023-24-ல் அதன் ஏற்றுமதி ரூ.30 ஆயிரம் கோடியைத் தாண்டியது.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பியக் கடைக் கம்பெனி விற்பது ரொக்கத்துக்கு, வாங்குவது கடனுக்கு. வாடிக்கையாளர் கல்லாவில் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். சரக்கு அனுப்பியவருக்குப் பணம் 60 நாளோ 90 நாளோ கழித்துப் போகிறது. இடையில் அந்தப் பணம் கம்பெனிக்கு வட்டியில்லா முதல். முன்னெல்லாம் பாங்கு உத்தரவாதக் கடிதம், அதாவது எல்.சி., திறந்த பிறகே ஆர்டர் தொடங்கும். பெரிய கம்பெனிகள் மெல்ல மெல்ல அதை விட்டுவிட்டு, 'சரக்கை அனுப்பு, தவணையில் தருகிறோம்' என்ற வழக்கத்துக்கு வந்துவிட்டன. திருப்பூர் ஏற்றுமதியாளர் பாங்கில் பேக்கிங் கிரெடிட் வாங்கி நூல் எடுக்கிறார். நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் என்று ஜாப் ஒர்க் செய்பவர்களுக்குத் தன் பணம் வந்தபிறகு தருகிறார். அவர்களோ தொழிலாளிக்கு வாரா வாரம் கொடுத்தாக வேண்டும். அது முடியாத வாரத்தில் தொழிலாளி மளிகைக் கடையில் சொல்லி வைக்கிறார், கடைக்காரர் நமக்குச் சொல்லி வைக்கிறார். பெர்லினில் ஆரம்பித்த 90 நாள் காந்திபுரத்துக் கல்லாவில் வந்து உட்காரும் வழி இதுதான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சில்லறைக் கடையில் நாளொன்றுக்கு அசல் விலையில் ரூ.20,000-க்குச் சரக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் இருப்பு 20 நாளைக்கு. வாடிக்கையாளர் பாக்கி 15 நாள். மொத்தம் 35 நாள். மொத்த வியாபாரி தரும் தவணை 30 நாள். மிச்சம் 5 நாளுக்குக் கடைக்காரர் தன் கைமுதலைப் போட வேண்டும், அதாவது ரூ.1 லட்சம். பாக்கி 45 நாளாக நீண்டால் 35 நாளுக்குக் கைமுதல் வேண்டும். அது ரூ.7 லட்சம். வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, லாபமும் கூடவில்லை, முதல் மட்டும் ஏழு மடங்கு. அந்த 6 லட்சத்துக்கு அவர் எங்கே போவார்? நம்மிடம்தான் வருவார். 'விற்பனை நன்றாக இருக்கிறது, ஆனால் கையில் காசில்லை' என்று சொல்லும் கடைக்காரரைப் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

சரக்கு இருப்பிலும் அவர்களிடம் இரண்டு வழி உண்டு. ஸ்பெயின் நாட்டு இன்டிடெக்ஸ், ஜாரா கடைகளை நடத்தும் கம்பெனி, தன் சரக்கில் பெரும் பகுதியை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே தைக்கக் கொடுக்கிறது. கூலி அதிகம்தான். ஆனால் கொஞ்சமாக வாங்கி, விற்றதைப் பார்த்து, திரும்ப வாங்க முடிகிறது. ஸ்வீடனின் எச் அண்ட் எம் பெரும்பாலும் ஆசிய நாடுகளில் பல மாதம் முன்னதாகக் கொள்முதல் செய்யும் வழக்கம் உடையது. விலை சல்லிசு. 2018-ல் விற்காத சரக்கு 430 கோடி டாலர் அளவுக்கு அதன் கணக்கில் நின்றது உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. சீசனில் மிளகாய் வாங்கிக் குவித்துவிட்டு அடுத்த சீசன் வரை மூட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமது ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி 'சஸ்டெயினபிலிட்டி'. நமது பாஷையில் நின்று நிலைப்பது. இன்று எந்த ஐரோப்பியக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தாலும் லாப நஷ்டக் கணக்குக்கு முன்னால் இந்தச் சொல் நிற்கிறது. இதைப் பற்றி நமது பகுதிக்குக் கிடைத்த பாடம் பெரியது.

சில ஆசோ சாயங்கள் உடம்புக்குக் கேடு என்று 1994-ல் ஜெர்மனி தடை செய்தது. திருப்பூர் சீக்கிரமே மாறியது. இந்திய அரசும் 1997-ல் அவற்றைத் தடை செய்தது. மாறியதற்குக் காரணம் எளிது: அந்தச் சாயம் துணியில் இருக்கும். ஜெர்மனியில் சோதித்தால் தெரிந்துவிடும். சரக்கு திரும்பி வரும். ஆனால் பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியோடு கப்பல் ஏறுவதில்லை. கழிவுநீரோடு நொய்யலில் போய்ச் சேர்ந்தது. வாங்குகிறவர் தன் துணியில் ஒட்டியதைச் சோதித்தார், நம் ஆற்றில் ஓடியதை நெடுநாள் கேட்கவில்லை. விலையும் அதற்கேற்றபடிதான் பேசப்பட்டது. சுத்திகரிப்புச் செலவைச் சேர்த்து விலை சொன்ன பட்டறைக்கு ஆர்டர் போகாது, சேர்க்காதவருக்குப் போகும். ஐரோப்பியரின் தவறா, நம்மவர் தவறா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அணையின் தண்ணீரை வேண்டாம் என்று குடியானவன் சொல்வது கொங்கு நாட்டில் எப்படிப்பட்ட விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை 2007 ஜூலை 31-க்குள் எட்ட வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு முதல் அபராதம் என்றும் தீர்ப்புச் சொன்னது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு அது தினம் ரூ.6,000. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அப்போதும் முழுதாக நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

அதன்பின் நடந்ததை மளிகைக்காரர்கள் வேறு யாரையும்விட முன்னதாகத் தெரிந்துகொண்டோம். முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, கையில் சாயமிட்ட துணி இருந்தது. பிறகு துணி வெளியூர்களுக்கு, வடக்கே லூதியானா வரைக்கும் சாயத்துக்குப் போனது. லாரி வாடகை ஏறியது, நாள் நீண்டது, ஆர்டர் கெட்டது. வெளி மாவட்டத்து ஆட்கள் ஊர் திரும்பினார்கள். வீரபாண்டிப் பக்கம் ஒரு கடைக்காரர் எங்களிடம் சொன்னது: "அண்ணா, பட்டறை தொறந்தாத்தானுங்க பாக்கி வரும். பாதிப் பேரு வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க." இருபது மூட்டை எடுத்த கடைகள் எட்டு எடுத்தன. ஆட்களுக்குச் சாப்பாடு போட்டு வந்த ஒரு பனியன் கம்பெனியிடம் எங்களுக்கு வரவேண்டிய தொகையில் பாதிகூட வரவில்லை. நாம் ஒரு லிட்டர் சாயத் தண்ணீரும் ஆற்றில் விட்டதில்லை. விட்டவரின் மிச்சப்பட்ட செலவில் ஒரு பங்கு நமது ஏட்டில் வாராக்கடனாக எழுதப்பட்டது.

அதே ஆண்டில் மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில் உப்புக் கரைசலையே பிரித்து மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை சோதிக்கப்பட்டது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கழிவுநீரை மெம்பரேன் வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிப்பது, மிச்ச உப்புநீரைச் சூடேற்றி ஆவியாக்குவது, உப்பைத் திரும்ப எடுப்பது என்று வேலை. ஆவியாக்கச் செலவு அதிகம். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற தலைவலியும் உண்டு. ஆனாலும் ஒரு காலத்தில் தொழிலையே மூட வைத்த விஷயத்தைத்தான், தண்ணீரைத் திரும்ப எடுத்துச் சாயமிடும் ஊர் என்று, திருப்பூர் இப்போது வெளிநாட்டாரிடம் தன் பெருமையாகச் சொல்லி ஆர்டர் கேட்கிறது.

இதுவரை சொன்னது சரக்கு அனுப்புகிறவன் மூடியதால் வந்த வினை. வாங்குகிறவன் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் டெபன்ஹாம்ஸ் உதாரணம். 1778-ல் தொடங்கிய கடை. 2003-ல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து அதை வாங்கின. கம்பெனியின் பேரிலேயே கடனை ஏற்றி, தங்களுக்கு 120 கோடி பவுண்டு பங்கு லாபம் எடுத்துக்கொண்டன. 2005-ல் சொந்தக் கட்டடங்கள் 23-ஐ விற்று, அதே கட்டடங்களில் நீண்டகால வாடகைக்கு உட்கார வைத்தன. 2006-ல் அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு வந்தன. விற்பனை நடந்தவரை பிழைப்பு ஓடியது. நடை குறைந்தபோது வாடகையும் வட்டியும் குறையவில்லை. 2019-ல் ஒரு முறை, 2020 ஏப்ரலில் மறு முறை திவால் நிர்வாகத்துக்குப் போய், 2021 மே மாதம் கடைசிக் கடையும் மூடியது. சரக்கு அனுப்பியவர்கள் கடன்காரர் வரிசையில் பின்னால் நின்றார்கள். பெரிய பெயர், பெரிய போர்டு என்பதெல்லாம் கணக்கல்ல. கட்டடம் யாருடையது, கடன் எவ்வளவு என்று பார்த்திருந்தால் பதினைந்து வருடம் முன்பே தெரிந்திருக்கும். டவுன்ஹால் பக்கமும் கிராஸ்கட் ரோட்டிலும் சொந்தக் கட்டடத்தை விற்று அந்தப் பணத்தில் கிளை திறப்பவர்களைப் பார்க்கிறோம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம்.

கொரோனாவின்போது எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி நடக்கவில்லை. 2020 மார்ச்சில் தைத்து முடித்த சரக்கை எடுத்துக்கொண்டு பணம் தருவதாக எச் அண்ட் எம் சொன்னது. பிரைமார்க் முதலில் ஆர்டர்களை நிறுத்தியது, எதிர்ப்பு எழுந்தபின் ஏப்ரலில் ஒரு பகுதிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. யாருக்கு ஓட்டுகிறார் என்பது ஒரே தெருவில் உள்ள இரண்டு பட்டறைகளுக்கு இரண்டு விதமான ஏப்ரலைக் கொடுத்தது.

இப்போது அங்கே சட்டங்களும் வந்துவிட்டன. 2023 முதல் ஜெர்மனியில், பெரிய கம்பெனி தனக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் தொழிலாளர் நிலையையும் சுற்றுச்சூழல் கேட்டையும் விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் தன் அளவில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2025-ல் தொழிலதிபர்களின் குரலைக் கேட்டு அதன் வீச்சைப் பெரிதும் குறைத்து, மிகப் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று தளர்த்தவும் செய்தார்கள். சட்டம் பெரியவரைப் பிடித்தாலும் கேள்வித்தாள் சின்னவரிடம்தான் வந்து சேரும். நிரப்பித் தர ஆள் வேண்டும், சோதனைக்குக் கட்டணம் வேண்டும், ஆனால் பனியன் விலையில் அதற்கென்று பைசா கூட்டித் தருவதில்லை. அந்தச் செலவும் நாள் கணக்காகவே கீழே இறங்கும்.

தவணை விஷயத்தில் மட்டும் அவர்களிடம் நாம் பொறாமைப்படத்தக்க ஒன்று உண்டு. 2019-ல் ஐரோப்பிய யூனியன் இயற்றிய விதிப்படி, பெரிய கடைக் கம்பெனி சிறிய உற்பத்தியாளருக்கு அழுகும் உணவுப் பொருளுக்கு 30 நாளிலும் மற்ற உணவுப் பொருளுக்கு 60 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். நம் நாட்டில் 2006-ம் ஆண்டின் சிறு குறு தொழில் சட்டம் 45 நாள் என்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்தக் கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தக் கொள்முதல் வருமான வரியில் செலவாகக் கழியும். 43-பி(எச்) என்று ஆடிட்டர்கள் சொல்லும் விதி இதுவே. மசாலா அரைப்பவர், அப்பளக் கம்பெனி, செக்கு எண்ணெய்க்காரர் இவர்களிடம் வாங்கும் உறுப்பினர்கள் மார்ச் மாதம் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் நமக்கு வரவேண்டிய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வணிகர்களை உத்யம் பதிவில் சேர்த்தபோது பாங்கு கடன் முன்னுரிமைக்கு மட்டும் என்றே சேர்த்தார்கள். ஆகவே நாம் கொடுப்பதற்குக் கெடு உண்டு, நமக்கு வருவதற்குக் கெடு நாமே வைத்துக்கொள்ள வேண்டியது.

எங்கள் கடையில் பனியன் தொழிலை நம்பியிருக்கும் கடைகளுக்குப் பேரேட்டில் தனிப் பக்கங்கள் உண்டு. தவணை நீட்டிக் கேட்கும் கடைக்காரரிடம் அவருடைய வாடிக்கையாளர்கள் வேலை செய்யும் பட்டறைகள் யாருக்கு ஓட்டுகின்றன, ஒரே ஐரோப்பியக் கம்பெனிக்கா அல்லது மூன்று நான்குக்கா என்று கேட்போம். அந்தப் பக்கத்துப் பட்டறைகள் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்ந்தவை, அது ஓடுகிறதா என்றும் கேட்போம். சனிக்கிழமைச் சம்பளம் திங்களுக்குத் தள்ளிப் போகிறதா என்பது எந்தப் பத்திரிகைச் செய்தியையும்விட முன்னால் விஷயத்தைச் சொல்லிவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அந்த ஊர் ஐரோப்பாவை இன்னும் அதிகமாகத் தேடியது. நாங்களும் இந்தக் கேள்விகளை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டோம். அந்தப் பக்கங்களின் கூட்டுத்தொகை எங்கள் மொத்த நிலுவையில் கால் பங்கைத் தாண்டினால், மறு லோடு ரொக்கத்துக்குத்தான்.