கேன்சல்

கேம்பல் பே ஒரு சிறிய ஊர். கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. 1969 முதல் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் இங்கே குடியேறின. பஞ்சாபிலிருந்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். வீட்டுக்கு வீடு மொழி வேறு. ஆனாலும் ஓர் ஆங்கிலச் சொல் எல்லோருக்கும் பழக்கம். அதுதான் 'கேன்சல்'.

இது கப்பலை நம்பி வாழும் ஊர். கடல் கொந்தளித்தால் கப்பல் கேன்சல் ஆகும். வானம் மூடினால் ஹெலிகாப்டர் கேன்சல் ஆகும்.

சொல்லின் பொருள்

கேன்சல் என்றால் ரத்து. முடிவு செய்த ஒன்றை இனி இல்லை என்று ஆக்குவது.

இந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து பிறந்தது. அங்கே இதன் வேர்ச்சொல்லுக்குக் கம்பித் தட்டி என்று பொருள். வேண்டாத எழுத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார்கள். அது கம்பித் தட்டி போலத் தெரிந்தது.

லேட் வேறு, கேன்சல் வேறு

கப்பல் லேட் என்றால் காத்திருக்கலாம். கப்பல் கேன்சல் என்றால் அந்தப் பயணமே இல்லை. வேறு வழி பார்க்க வேண்டும். வைத்தியத்துக்குப் போகிறவர் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனதா, செய்ததா?

தமிழில் இந்தச் சொல்லோடு 'ஆகு' அல்லது 'செய்' சேரும். அதில் பணமும் அடங்கியிருக்கிறது.

சென்னையில் ரயில் ஏற வேண்டிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். ரயிலே கேன்சல் ஆனால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அவரே டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள்.

கேன்சல் செய்த காசோலை

கணக்கு எண்ணைக் காட்டச் சில அலுவலகங்கள் இதைக் கேட்கும். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு போட வேண்டும். நடுவே 'கேன்சல்' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கையெழுத்துப் போட வேண்டாம். அதை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது.

உயிர் காக்கும் சொல்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. முதல் அலையோடு ஆபத்து தீரவில்லை. மேலும் அலைகள் வந்தன. அன்று முன்கூட்டியே எச்சரிக்க நம் நாட்டில் சுனாமி மையம் இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் அந்த மையம் தொடங்கியது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. நிக்கோபாருக்கு எச்சரிக்கை வந்தது. பெரிய அலை வரவில்லை. பிறகு எச்சரிக்கை ரத்தானது.

கடல் அமைதியாகத் தெரியலாம். அதை நம்பி இறங்கக் கூடாது. எச்சரிக்கை கேன்சல் என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை மேட்டிலேயே இருக்க வேண்டும்.

பயிற்சி

1. 'லேட்', 'கேன்சல்' – என்ன வேறுபாடு?
2. கேன்சல் செய்த காசோலையில் எதைப் போடக் கூடாது?
3. மேட்டிலிருந்து எப்போது இறங்கலாம்?