உடலின் ஹக்கும் அன்றாடச் சோர்வும்



“உடம்பெல்லாம் ஒரே அசதியாக இருக்கிறது” என்னும் சொல் கேட்காத வீடு இன்று இல்லை. முன்பெல்லாம் வயது முதிர்ந்தோர் சொல்லி வந்த சொல் இது. இன்றோ இருபது வயதுப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். கேட்டவுடன் நம்மில் பலர், “எல்லாம் சோம்பேறித்தனம்” என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு சரிதானா? மார்க்கமும் மருத்துவமும் இதுபற்றிக் கூறுவதென்ன? இம்மாதப் பாடத்தில் இதைக் காண்போம்.

சோர்வு வேறு, சோம்பல் வேறு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சோம்பலை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஆனால் களைப்பைப் பற்றி அவர்கள் கூறியதோ வேறு. ஒரு முஸ்லிமுக்கு ஏற்படும் களைப்பும் நோயும் கவலையும், ஏன், காலில் தைக்கும் முள்ளும்கூட அவனுடைய பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்பது ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ள ஹதீஸின் கருத்து. ஒன்று பாதுகாவல் தேட வேண்டியது. மற்றொன்று நன்மை தருவது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

செய்ய வல்லவன் செய்யாமல் இருப்பது சோம்பல். செய்து முடித்தவனின் உடல், தனக்குரியதைக் கேட்பது சோர்வு. கேட்பவனை ஏசி அனுப்பினால் கடன் தீர்ந்துவிடாது. நாளுக்கு நாள் ஏறத்தான் செய்யும்.

வணக்கத்திலும் அளவு

ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் தம் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றபோது, அவர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருக்கக் கண்டார்கள். முன்னிரவில் அவரை எழவிடாமல் உறங்கச் செய்து, பின்னிரவில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கும், உமது ஆத்மாவுக்கும், குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு. அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்று எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நாயகம் (ஸல்) அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

மற்றொரு சம்பவம். பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. தொழுது களைக்கும்போது பிடித்துக்கொள்ள ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது அது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு என்றால், சம்பாத்தியத்திற்கும் வீட்டு வேலைக்கும் அளவு வேண்டாமா?

இரவு பகலான வட்டாரம்

ஒரகடத்தை அடுத்துள்ள வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்கால மனிதரின் கருவிகள் கிடைத்தன. அந்த மனிதருக்குப் பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது. இன்று அதே வட்டாரத்தில் பொழுது சாய்ந்த பிறகும் ஒரு ஷிப்டு தொடங்குகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் கார் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பல வந்தன. பிழைப்புக்கு வழி பிறந்தது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் கம்பெனி பஸ்ஸுக்காக இரவில் கிளம்பி, விடிந்த பின் வீடு திரும்பும் பிள்ளைகளின் கண்களைப் பாருங்கள்.

திருமறையின் 78ஆவது அத்தியாயமான ‘அந்நபா’வில், உறக்கத்தை ஓய்வாகவும் இரவை ஆடையாகவும் பகலை வாழ்வாதாரத்திற்கு உரியதாகவும் ஆக்கியதாக அல்லாஹ் எடுத்துரைக்கிறான். உடலுக்குள் இரவு பகலை அறியும் கடிகாரம் ஒன்று இயங்குவதை இன்றைய மருத்துவமும் உறுதிசெய்கிறது. அக்கடிகாரத்தின் இயக்கத்தை விளக்கிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெளிச்சம் பட்டால் விழிக்கவும், இருள் சூழ்ந்தால் உறங்கவும் உடல் ஆயத்தமாகிறது. ஆகவேதான் இரவுப் பணியாளர் பகலில் படுத்தாலும் தூக்கம் ஆழ்ந்து வருவதில்லை. சீக்கிரம் கலைந்தும் விடுகிறது. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறினாலோ, கடிகாரம் ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் மறு நேரம் வந்துவிடுகிறது. இது அவர்களின் சோம்பல் அல்ல.

இரவு ஷிப்டுக்காரர் கவனிக்க வேண்டியவை

1. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். திரைச்சீலை போட்டு அறையை இருட்டாக்கி, செல்போனை ஒதுக்கி வைத்துவிட்டுப் படுக்கட்டும்.

2. டீயும் காப்பியும் ஷிப்டின் முற்பாதியோடு போதும். குடித்து ஐந்து மணி நேரம் சென்றும் அதன் சத்தில் ஏறக்குறையப் பாதி உடலில் தங்கித் தூக்கத்தைக் கெடுக்கும்.

3. சுபுஹுத் தொழுகையைப் பணி இடத்திலேயே அதன் வக்தில் தொழுதுவிட வேண்டும். பஸ் வீடு சேர்வதற்குள் சூரியன் உதித்துவிடலாம்.

4. காலை எட்டு மணிக்குப் படுப்பவர், அஸர் வக்து வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தால் லுஹரை அதன் வக்துக்குள் தொழ முடியும். அதில் தவறில்லை. விடுபட்ட தூக்கத்தை மீண்டும் சிறிது நேரம் தூங்கி நிறைவு செய்து கொள்ளலாம்.

5. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக முன்னதாகவே எழ வேண்டியிருக்கும். மீதித் தூக்கத்தை ஜும்ஆவுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஸஹாபாக்கள் ஜும்ஆ தொழுத பிறகே ‘கைலூலா’ எனும் பகல் தூக்கம் கொண்டார்கள் என்பது ஹதீஸில் வந்துள்ளது.

6. கண் சொக்கும்போது மோட்டார் சைக்கிளில் ஏறவே கூடாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கனரக வண்டிகளுக்கு இடையே ஒரு கணம் இமை மூடினாலும் போதும், வீடே இருண்டுவிடும். இருபது நிமிடம் கண்ணயர்ந்து எழுந்து, தூக்கக் கலக்கம் தெளிந்த பிறகு புறப்படட்டும். தொழும்போது தூக்கம் மேலிட்டால், அது நீங்கும்வரை படுத்துக்கொள்ளும்படி சொன்ன மார்க்கம் நம்முடையது.

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில், சுபுஹுக்கு எழுப்புவதற்காக பிலால் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் காவல் வைத்தார்கள். அவரும் அயர்ந்துவிட, வெயில் பட்ட பிறகே அனைவரும் எழுந்து தொழுதார்கள். அறியாமல் அயர்ந்தவர் மீது குற்றமில்லை என்பது இதில் விளங்கும். எனினும் எழுப்ப ஆள் வைத்த முன்னேற்பாட்டையும் மறந்துவிடலாகாது.

வீட்டுப் பெண்களின் களைப்பு

ஷிப்டுக்குப் போகிறவருக்காவது சங்கு ஊதினால் வேலை முடிகிறது. அவருக்காக விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் அவர் தூக்கம் கலையாதபடி காத்து, இரவு மறுபடி அடுப்படிக்குச் செல்லும் தாய்க்கு ஏது சங்கு? தாமும் கம்பெனிக்குப் போய்வரும் பெண்களின் பாடு இன்னும் அதிகம்.

பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் கைகள் திரிகை அரைத்துக் காய்த்துப் போயின. ஒரு பணியாளைக் கேட்டுத் தம் தந்தையாரிடம் சென்றார்கள். படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை ஓதுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். “உனக்கென்ன களைப்பு?” என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலும், அந்தத் தஸ்பீஹைச் சொல்லிக் கொடுத்தவர்களே தம் இல்லத்தில் குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தவர்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே மனைவிக்குத் தஸ்பீஹை மட்டும் ஓதிக்காட்டிவிட்டுத் தாம் கட்டிலில் சாய்ந்துகொள்வது ஸுன்னத்தில் பாதியை விட்டுவிடுவதாகும்.

பெண்களின் சோர்வுக்கு இரத்தச் சோகையும் பெருங்காரணம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேர் இரத்தச் சோகை உடையவர்கள். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டும். முருங்கைக்கீரை, பயறு வகைகள், ஈரல், இறைச்சி ஆகியவை வீட்டுப் பெண்களின் தட்டிலும் விழ வேண்டும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் கீரை, பயறுகளின் இரும்புச் சத்து உடலில் சேர உதவும். சாப்பாட்டுடன் குடிக்கும் டீ அதைத் தடுக்கும்.

வேலை வாங்குவோருக்கு

ஊழியர் மீது அவர்கள் சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் துணை நில்லுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் வந்துள்ளது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வாரத்திற்கு 48 மணி நேரம் என்றும், தொடர்ந்து ஐந்து மணி நேரம் உழைத்தவருக்கு அரை மணி நேர ஓய்வு என்றும் வகுத்தது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அதைத் திரும்பப் பெறுவதாக மே முதல் நாள் முதலமைச்சர் அறிவித்தார். மனித உடலுக்கு எல்லை உண்டு என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். கடையிலோ பட்டறையிலோ வீட்டிலோ ஆள் வைத்திருக்கும் நம்மவர்களும் இந்த எல்லையை மறக்கலாகாது.

மருத்துவரிடம் எப்போது?

இரண்டு வாரம் நன்றாக உறங்கி, வேளைக்கு உண்டும் சோர்வு நீங்கவில்லையென்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்காவது சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சோகை, சர்க்கரை, தைராய்டு ஆகியவை சோர்வின் உருவிலும் தலைகாட்டலாம். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். எதிலும் மனம் பற்றாத சோர்வும் நோய்தான். அதை ஈமான் குறைவு என்று தூற்றாதீர்கள். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, காரணமின்றி எடை குறைதல் கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

ஆகவே, இனி நம் வீட்டில் ஒருவர் “அசதியாக இருக்கிறது” என்றால் ஏசுமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம்: உறங்கினாயா? உண்டாயா? உன் வேலையில் யார் பங்கு கொண்டார்? மருத்துவரைப் பார்த்தாயா? எந்த ஹக்கு பாக்கி நிற்கிறதோ அதைக் கொடுத்துவிடுவோம்.

வல்ல அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் நல்ல உடலையும் நிம்மதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.