சாலையை விட்டு இறங்கும் வண்டி: பன்னிரண்டு ஆண்டுகள் தந்த பாடங்கள்



தார்ச் சாலையை விட்டு இறங்கி, சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் ஓட வேண்டிய வண்டி இன்று பல உழவர் இல்லங்களில் உள்ளது. டிராக்டரும் பவர் டில்லரும் பரவலாகிவிட்டன. மலையடிவாரத் தோட்டங்களில் பழைய ஜீப்புகள் உர மூட்டையும் விளைபொருளும் சுமக்கின்றன. வண்டி ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால், நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது, 'இதில் எதையாவது மாற்றிப் பூட்ட வேண்டும்' என்பதே. பெரிய டயர், உயர்த்திய வில்பட்டை, கூடுதல் எடை என்று பணம் கரைகிறது.

நானும் அவ்வாறு பணம் கரைத்தவன்தான். உழவர் வயல்களில் அமைந்த சோதனைத் திடல்களுக்குச் சென்று வருவதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய டீசல் ஜீப்பு வாங்கினேன். அதற்கு முன்பே எங்கள் வீட்டு டிராக்டரை ஓட்டிப் பழகியிருந்தேன். இவற்றை மாற்றியும், மாற்றியவற்றில் பெரும்பகுதியைப் பழையபடி ஆக்கியும் கற்றவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பெரிய டயரால் வந்த வினை

கொல்லிமலையில் ஒரு சாமைத் திடலுக்குச் செல்லும் மண் பாதையில் ஜீப்பின் அடிப்பகுதி அடிக்கடி கல்லில் இடித்தது. 29 அங்குல உயரமுள்ள டயர்களைக் கழற்றி 32 அங்குல டயர்களைப் பூட்டினேன். அவை உரசாமல் இருக்க வில்பட்டைகளையும் உயர்த்தினேன். கல்லில் இடிப்பது நின்றது. ஆனால் வேறு நான்கு தொல்லைகள் தொடங்கின.

முதலாவது, இழுவை குறைந்தது. டயரின் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், இயந்திரம் தரையில் காட்டும் இழுவிசை ஏறக்குறைய அதே அளவு குறையும். மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடங்களில் முதல் கியருக்கு இறங்க நேர்ந்தது.

இரண்டாவது, பிரேக்கின் பிடி குறைந்தது. பெரிய சக்கரத்தை நிறுத்த அதிக விசை வேண்டும். பிரேக்கோ பழைய அளவுதான். இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கருகல் வாடை வந்தது. வேகமானியும் பொய் சொன்னது. அது 50 கிலோமீட்டர் காட்டியபோது வண்டி 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது.

மூன்றாவது, வண்டியின் எடை மையம் உயர்ந்தது. முன்பு அச்சமின்றிக் கடந்த சரிவுகளில் வண்டி கவிழ்வது போல் சாய்ந்தது.

நான்காவது, உயர்த்திய வில்பட்டையால், பின் ஆக்சிலுக்கு விசை கொண்டு செல்லும் தண்டின் சாய்வு கூடியது. அதன் யுனிவர்சல் ஜாயிண்ட் ஓராண்டுக்குள் இருமுறை தேய்ந்து போயிற்று.

ஓர் உறுப்பை மாற்றினால் அதன் பாரம் அடுத்த உறுப்பின் மேல் விழுகிறது என்பதே முதல் பாடம். சட்டத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம் போல் மாற்றுவதைத் தடை செய்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

செலவில்லாத மாற்றம்: டயரில் உள்ள காற்று

மூன்றாம் ஆண்டில் பழைய அளவு டயர்களையே மீண்டும் பூட்டினேன். அதன் பிறகு மணற்பாங்கான ஓடைகளைக் கடக்க எனக்கு உதவியது காற்றைக் குறைப்பதே.

ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். காற்று 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ, இருந்தால் டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 190 சதுர சென்டிமீட்டர். காற்றை 15 பவுண்டாகக் குறைத்தால் அப்பரப்பு 380 சதுர சென்டிமீட்டரை நெருங்கும். டயரின் பக்கச் சுவரும் ஓரளவு பாரம் தாங்குவதால் சரியாக இரட்டிப்பாகாது. எனினும் வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். பரப்பு கூடினால் சக்கரம் புதைவது குறையும்.

இதற்கும் எல்லை உண்டு. காற்றை மிகவும் குறைத்தால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவும். குறைந்த காற்றுடன் தார்ச் சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றடிக்கும் பம்பும் காற்றளவுமானியும் வண்டியிலேயே இருத்தல் வேண்டும். சாலை ஏறும் முன் மீண்டும் காற்றடித்துக்கொள்ள வேண்டும்.

டிராக்டருக்கும் இது பொருந்தும். டிரெய்லர் இழுப்பதற்காக அடித்த காற்றுடனேயே பலர் வயலில் இறங்கி உழுகிறார்கள். பின் டயருக்கு வயல் வேலைக்கு ஓர் அளவும், சாலையில் பாரம் இழுக்க அதைவிடக் கூடிய ஓர் அளவும் உங்கள் டிராக்டரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ஒரு அட்டையில் எழுதி, வண்டிக் கொட்டகையில் மாட்டி வையுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுழல்வது ஏன்?

வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் உட்சக்கரத்தை விட அதிக தூரம் உருள வேண்டும். இதற்காகவே ஆக்சிலின் நடுவே டிஃபரென்ஷியல் அமைந்துள்ளது. அதில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழன்றால், கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரமும் இழுக்காமல் நின்றுவிடும்.

டிராக்டரில் உள்ள டிஃபரென்ஷியல் லாக் இதற்கானது. சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது லாக்கை மிதித்தால் பற்கள் உடையும். கிளட்சை மிதித்துச் சக்கரம் நின்ற பிறகே லாக் போட வேண்டும். நேராக மட்டும் ஓட்டி, திரும்பும் முன் அதை விடுவிக்க வேண்டும்.

ஜீப்பின் நான்கு சக்கர விசையும் இது போன்றதே. முன் சக்கரமும் பின் சக்கரமும் திருப்பத்தில் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. மண்ணில் சக்கரம் சற்றே வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார்ச் சாலையில் அதற்கு வழியில்லாததால் கியர்ப் பெட்டியில் முறுக்கு ஏறும். கெட்டிச் சாலைக்கு வந்ததும் நான்கு சக்கர விசையை எடுத்துவிட வேண்டும்.

சிக்கிய டிராக்டரும் சித்தப்பாவும்

இந்தப் பகுதியைத் தவறாமல் படியுங்கள். வீட்டில் டிராக்டர் ஓட்டுபவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, சேற்றுழவில் எங்கள் டிராக்டர் புதைந்தது. பின் சக்கரங்கள் இரண்டின் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டையைச் சங்கிலியால் கட்டினோம். சித்தப்பா முதல் கியரில் கிளட்சை விட்டார். கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டது. சக்கரம் சுழல முடியாமல் போகவே, முன் சக்கரங்கள் என் மார்பளவுக்கு மேலே எழும்பின. சித்தப்பா அந்தக் கணமே கிளட்சை மிதித்ததால் டிராக்டர் 'தட்' என்று முன்னே விழுந்தது. அவர் இறங்கி வந்து வரப்பில் உட்கார்ந்தவர், வெகு நேரம் பேசவில்லை.

சக்கரம் சுழல முடியாதபோது, இயந்திரத்தின் விசை ஆக்சிலைச் சுற்றி டிராக்டரின் உடலையே தூக்கத் தொடங்கும். டிராக்டர் பின்புறமாக முழுதும் கவிழ ஒன்றரை நொடியே போதும். எங்கள் சித்தப்பாவுக்குக் கால் முந்திக்கொண்டது. எல்லோருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை.

பாரத்தை உயரத்தில் பூட்டி இழுத்தாலும் இதுவே நேரும். அக்காலக் கலப்பைகள் கல்லிலோ வேரிலோ மாட்டியபோது டிராக்டர்கள் பின்னோக்கிக் கவிழ்ந்ததுண்டு. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் 1936-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிராக்டரில் அமைத்த ஹைட்ராலிக் மும்முனை இணைப்பு, இந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்தது. கலப்பையின் இழுவையைக் கொண்டே பின் சக்கரத்திற்குப் பாரம் சேர்த்து, முன்பகுதி தூக்காமல் காப்பது அதன் சிறப்பு. இன்றைய டிராக்டர்களிலும் அதே முறைதான். ஆனால் அந்த இணைப்பின் மேற்புறத்தில் சங்கிலி கட்டி மரத்தையோ வண்டியையோ இழுத்தால், அதன் பாதுகாப்பு பயன்படாமல் போகும்.

டிராக்டர் சிக்கினால் செய்ய வேண்டியவை:

1. சக்கரம் சுழலத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மேலும் சுழற்றினால் குழிதான் ஆழமாகும்.

2. கருவியைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றுங்கள். கூடுமானவரை பின் கியரில் வந்த வழியே வெளியேறுங்கள்.

3. சக்கரத்தின் அடியில் வைக்கோலோ பலகையோ இடலாம். சக்கரத்தோடு கட்டையைக் கட்டுவது கூடவே கூடாது.

4. வேறு டிராக்டர் கொண்டு இழுத்தால், தாழ்வாக உள்ள இழுசட்டத்தில் மட்டுமே சங்கிலியைப் பூட்டுங்கள். மெல்ல இழுங்கள். சங்கிலி அறுந்தால் எட்டாத தொலைவில் மற்றவர்கள் நிற்க வேண்டும்.

5. கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் உள்ள டிராக்டரில் இருக்கைப் பட்டையை அணியுங்கள். பட்டை இல்லையேல் சட்டத்தால் முழுப் பயன் இல்லை.

வண்டி சிக்கவில்லை, பயிர் சிக்கியது

பெரிய டயர் பூட்டிய ஆண்டில், ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஒரு கரிசல் நிலத்திற்கு விதையும் உரமும் கொண்டு சென்றேன். மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டு செல்லச் சோம்பி, ஜீப்பை வயலின் குறுக்கே ஓட்டினேன். வண்டி எங்கும் சிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பருத்தியைப் பார்க்கச் சென்றபோது, வயலின் குறுக்கே இரண்டு கோடுகளாகச் செடிகள் குன்றி நின்றன. அந்த நிலத்துக்காரப் பெரியம்மா, "உங்க வண்டி சிக்காமப் போச்சு தம்பி, என் பருத்திதான் சிக்கிக்கிச்சு" என்றார். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேர் ஒரு சாண் ஆழத்தில் கெட்டி மண்ணில் முட்டி, பக்கவாட்டில் மடிந்திருந்தது. உழவியல் கற்பிக்கும் எனக்கு அந்த வேர் கற்பித்ததை மறக்க இயலாது.

கால் புதையும் பொலபொலப்பான நெல் வயல்களைக் கெட்டிப்படுத்த, 400 கிலோ எடையுள்ள கல் உருளையைத் தக்க ஈரத்தில் எட்டு முறை உருட்டுமாறு பரிந்துரைக்கிறோம். அவ்வளவு எடையே மண்ணை இறுக்கப் போதும் என்றால், ஏறக்குறைய இரண்டு டன் டிராக்டரும் பாரம் ஏற்றிய டிரெய்லரும் ஈர நிலத்தில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். மேல்மண்ணின் இறுக்கம் பெரும்பாலும் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அடிமண்ணின் இறுக்கம் ஆக்சிலின் மேல் உள்ள மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. டயரை அகலமாக்கினாலும் பெரும் பாரத்தின் கேடு அடிமண்ணுக்குச் செல்லும்.

நிலத்தில் இறங்கலாமா என அறிய எளிய சோதனை உண்டு. ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள். பென்சிலை விட மெல்லிய திரியாக உடையாமல் உருண்டால் ஈரம் மிகுதி; வண்டி இறங்கக் கூடாது. உதிர்ந்துவிட்டால் இறங்கலாம்.

ஒரே இடத்தில் பலமுறை ஓடும்போது, முதல் ஓட்டத்திலேயே மண் பெருமளவு இறுகிவிடுகிறது. ஆகவே வயல் முழுதும் சுற்றாமல் குறித்த தடத்திலேயே ஓட்டுங்கள். டிரெய்லரை வரப்போரத்தில் நிறுத்தி ஏற்றுங்கள். ஏற்கெனவே அடிமண் இறுகியிருந்தால், நிலம் காய்ந்திருக்கும் கோடையில் உளிக்கலப்பை கொண்டு அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் உழலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தால் போதும்.

நீரும் தூசியும்

ஓடையைக் கடந்து வந்த வண்டியின் ஆக்சில் சூட்டிலிருந்து திடீரெனக் குளிரும்போது, சீல்களின் வழியே நீரை உள்ளிழுக்கும். ஆக்சில் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். சேற்றில் உழைத்த வண்டியைக் கழுவியதும் கிரீஸ் போட வேண்டும். புழுதியில் ஓடும் நாட்களில் காற்று வடிகட்டியை அன்றாடம் பாருங்கள். என் ஜீப்பு இன்றும் ஓடுவதற்குக் காரணம் நான் பூட்டிய புது உறுப்புகள் அல்ல, இந்தச் சிறு வேலைகளே.

முடிவாக

வண்டியில் எதையேனும் மாற்ற எண்ணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். டயரில் காற்று சரியாக உள்ளதா? பாரத்தைக் குறைக்க முடியுமா? இரண்டு நாள் பொறுத்தால் நிலம் காயுமா? இவற்றுக்கு விடை கண்டபின் பட்டறைக்குச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. வண்டியால் போக முடிகிறது என்பதற்காக வயலில் இறங்கிவிடக் கூடாது. வண்டி பழுதானால் சில நாட்களில் சரிசெய்யலாம். இறுகிய அடிமண் இளகப் பல ஆண்டுகள் ஆகும்.